சித்தப்பாவின் பென்டியத்தில் நெட்பிஎஸ்டி

சித்தப்பாவின் அச்சகத்தில் வருஷக்கணக்கில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தந்த கணினி. பென்டியம் எம்எம்எக்ஸ் 166, ராம் 64 எம்பி. எடைக்குப் போட இருந்தவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். சிடி டிரைவ் செத்துவிட்டது, யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது. ஆனாலும் இன்று அதில் நெட்பிஎஸ்டி 9.4 என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது.

லினக்ஸ் ஏன் போடவில்லை என்றால், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2017இல் வந்த 9ஆம் பதிப்போடு இந்த வகை பென்டியத்தைக் கைவிட்டது. நெட்பிஎஸ்டி அதற்கும் முந்தைய 486 சிப்பில்கூட ஓடும்.

முதலில் பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். சித்தப்பாவின் பத்திரிகை வடிவமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன; அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதில் 4 ஜிபி காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஒன்றும், அதை ஐடிஇ கேபிளில் (பழைய ஹார்டு டிஸ்க் மாட்டும் கேபிள்) மாட்டும் அடாப்டரும் வாங்கினேன். இந்தக் கார்டு ஐடிஇ மொழியே பேசும் என்பதால் டிரைவர் எதுவும் வேண்டாம். மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். ராம் முனைகளை அழிரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். ராம் 72 பின் சிம் (SIMM) வகை என்றால் இந்த போர்டுகளில் ஜோடியாகத்தான் போட வேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம்: நிறுவும் வேலையைப் பழைய கணினியில் செய்யாதீர்கள். உங்கள் புதிய லேப்டாப்பில் கியூஎமு (கணினிக்குள் இன்னொரு கணினிபோல நடிக்கும் மென்பொருள்) போட்டு, அதற்கு ஹார்டு டிஸ்காக 3,500 எம்பி அளவில் ஒரு வட்டுக் கோப்பு உருவாக்குங்கள். 4 ஜிபி என்று விற்கும் கார்டுகள் எல்லாம் ஒரே அளவு இருப்பதில்லை, அதனால்தான் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன். சிபியு பென்டியம், நினைவகம் 64 எம்பி என்று கொடுத்து, நெட்பிஎஸ்டியின் ஐ386 பதிப்பை (32 பிட் பிசிக்கானது) அதில் நிறுவுங்கள். எக்ஸ்11 (வரைகலைத் திரை), கம்பைலர், விளையாட்டு எதுவும் வேண்டாம்.

நெட்பிஎஸ்டி வைக்கும் பெயரில் கியூஎமுவின் ஐடிஇ வட்டும் டபிள்யூடி0, நிஜக் கணினியில் ஃப்ளாஷ் கார்டும் டபிள்யூடி0. அதனால் எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும்: கியூஎமுவில் டபிள்யூஎம்0, என் ரியல்டெக் 8139 கார்டில் ஆர்டிகே0. அதனால் நெட்வொர்க் கார்டின் பெயரை எங்கும் எழுதாமல், பூட்டில் என்னென்ன சேவை ஓட வேண்டும் என்று சொல்லும் ஆர்சி.கான்ஃப் கோப்பில், ஐபி முகவரியைத் தானே வாங்கிக்கொள்ளும் டிஹெச்சிபிசிடியை மட்டும் இயக்கிவிடுங்கள். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையையும் இயக்கி, கியூஎமுவிலேயே ஒருமுறை பூட் செய்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச்சின் மறையாக்கச் சாவிகள் அங்கேயே உருவாகிவிடும்; 166 மெகாஹெர்ட்ஸில் அதற்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும். எஃப்எஸ்டேப்பில் ரூட் (முதன்மைப் பகிர்வு) வரியில் லாக் (வட்டு மாற்றங்களை முன்பே குறித்து வைப்பது), நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தை எழுதாமல் விடுவது) இரண்டையும் சேருங்கள். எங்கள் ஊரில் கரண்ட் சொல்லாமல் போகும். லாக் இருந்தால் திரும்ப வரும்போது வட்டுச் சோதனைக்காக நிற்காது.

சரி, இப்போது வட்டுக்கு அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் வட்டுக் கோப்பை ஃப்ளாஷ் கார்டில் எழுதுங்கள். எந்த வட்டில் எழுதுகிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

கார்டை மாட்டியதும் எனக்கு பூட் பாதியில் நின்றது. ஒரு ராத்திரி முழுக்கக் கேபிளையும் ஜம்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) இருந்தது. ஹார்டு டிஸ்க் தேடும் திரையில் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று முறைகள் காட்டும். நார்மலில் பயாஸ் 504 எம்பிக்கு மேல் எட்டாது. எல்பிஏவுக்கு மாற்றியதும் லாகின் வரி வந்தது.

அந்த வட்டுக் கோப்பை லேப்டாப்பில் அழிக்காமல் வைத்திருங்கள். கார்டு என்றாவது கெட்டால் வேறொன்றில் எழுதி மாட்ட வேண்டியதுதான்.