ஹம்வீக்குப் பதில் ஜே.எல்.டி.வி.: நம்மவர் விடும் பிழைகள்

அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ என்ற இலகு வண்டியை ஓரங்கட்ட வந்த கவச வண்டியான ஜே.எல்.டி.வி. பற்றித் தமிழில் இப்போது காணொளிகளுக்குக் குறைவில்லை. கிளிநொச்சிப் பெடியள் அவற்றைப் பார்த்துவிட்டுக் கதைப்பதைக் கேட்டால் பாதி சரி, பாதி கம்பனி விளம்பரம். வன்னிச் சனத்துக்குக் கவச வண்டி புதிதல்ல. ஏ9 வீதியில் இராணுவத்தின் பவல் கவச வண்டி போவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த தலைமுறை இது. இருந்தும் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை சறுக்குவது ஒரே இடத்தில்தான்: எடையை மறந்துவிடுகிறோம்.

ஹம்வீயை உதவாத வண்டி என்று ஒதுக்குவதில் தொடங்குகிறது கதை. 1983 இல் ஏ.எம். ஜெனரல் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்து, 1985 அளவில் படைக்குள் வந்த வண்டி அது. பழைய ஜீப்பின் இடத்தை நிரப்ப, சண்டைக் களத்துக்குப் பின்னால் ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கச் செய்தது. கவசமில்லாத முதல் வகைகள் ஏறத்தாழ இரண்டரைத் தொன். பலவற்றுக்குக் கதவே படங்குத் துணிதான். அந்த எடைக்குச் சேறும் மணலும் பெரிய தடையில்லை. பிளக் ஹோக் ஹெலிகொப்டர் கீழே கட்டித் தூக்கிக்கொண்டு போகும். 2003 க்குப் பிறகு ஈராக்கில் களத்துக்கு முன், பின் என்ற பேச்சே இல்லாமல் போனது. வீதியோரம் எங்கும் குண்டு. வண்டி மாறவில்லை, அதன் தலையில் கட்டிய வேலைதான் மாறியது.

அடுத்தது, தகடு அடித்தால் கவச வண்டி ஆகிவிடும் என்ற நினைப்பு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்கர்களே இதில் மாட்டினார்கள். 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு படைவீரர், அன்றைய பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: எங்கள் வண்டிகளுக்குக் கவசம் போட நாங்கள் ஏன் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்க வேண்டும் என்று. பிறகு தொழிற்சாலையிலிருந்தே கவசம் வந்தது; எடை நாலரைத் தொன்னையும் தாண்டியது. அச்சும் பிரேக்கும் ஸ்பிறிங்கும் அதற்கென்று செய்தவை அல்ல. பரந்தன் பக்கத்தில் அளவுக்கு மீறி மணல் ஏற்றி ஓடிய டிப்பரைக் கராஜில் கழற்றும்போது பாருங்கள். பின் ஸ்பிறிங்கில் ஒரு பட்டை வெடித்திருக்கும், பிரேக் ட்ரம் சூட்டில் நீலம் பாரித்திருக்கும். ஹம்வீக்கு நடந்ததும் இதுதான். மேற்பாரம் கூடியதால் வளைவுகளில் புரளவும் தொடங்கியது. கதவும் பாரமாகிவிட்டதால் புரண்ட வண்டிக்குள்ளிருந்து வெளியே வருவது பெரும்பாடு.

ஆனையிறவில் வீதியோரம் காட்சிக்கு வைத்திருக்கும் புல்டோசரை இந்தக் கண்ணோடு ஒருதரம் பார்க்கலாம். 1991 ஜூலைச் சண்டையில் புலிகள் தகடு போர்த்தி இராணுவ முகாமை நோக்கி ஓட்டியது அது. இராணுவக் கோப்ரல் காமினி குலரத்ன ஏணியால் ஏறி உள்ளே கைக்குண்டு போட்டு அதை நிறுத்தினார். யார் பக்கம் நின்று அந்தக் கதையைச் சொன்னாலும், வாகனமாகப் பார்த்தால் ஒன்று தெரியும்: பக்கத்துத் தகடு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், மெதுவாகப் போகிற, சுற்றுமுற்றும் சரியாகத் தெரியாத வண்டியை ஆள் கிட்ட வந்து பிடித்துவிடலாம்.

ஜே.எல்.டி.வி. இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. பாதுகாப்பு, சுமை, ஓட்டம் மூன்றையும் முதலிலேயே ஒன்றாக வைத்து வரைந்தார்கள். 2015 ஆகஸ்டில் லொக்ஹீட் மார்ட்டினையும் ஏ.எம். ஜெனரலையும் பின்தள்ளி ஓஷ்கோஷ் நிறுவனம் ஒப்பந்தத்தை எடுத்தது. ஒவ்வொரு சில்லும் தனித்தனியே 20 அங்குலம் வரை ஏறி இறங்கும். வண்டியின் உயரத்தைக் கூட்டலாம், கப்பலில் ஏற்றக் குறைக்கலாம். எடை? வெறும் வண்டியே ஆறு தொன்னுக்கு மேல்.

அடித்தளம் ஆங்கில 'வி' வடிவம் என்றால் எந்த வெடியும் ஒன்றும் செய்யாது என்று சொல்லாத காணொளியே இல்லை. பவலை வடிவாகப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். தென்னாபிரிக்கா 1970களின் கடைசியில் மெர்சிடிஸ் யூனிமொக் பாகங்களை வைத்துச் செய்தது அது. இலங்கை இராணுவம் அதை வாங்கி, பிறகு அதே அமைப்பில் யூனிகோன், யூனிபவல் என்று உள்ளூரிலேயே செய்தது. சாரதி இடப்பக்கம் ஒரு தனிக் கூண்டில் உயரத்தில் இருப்பார், அவருக்கு வலப்பக்கம் எஞ்சின். பின்னால் மேற்புறம் திறந்த பெட்டியில் பத்துப் பேர், முதுகோடு முதுகாக, முகம் வெளிப்பக்கம் பார்க்க, ஆசனப் பட்டி போட்டு இருப்பார்கள். ரயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் உண்டு, ஒன்றுக்கு 500 லீற்றர் அளவில். சில்லுக்குக் கீழே வெடிக்கும் கண்ணிவெடியின் விசையில் ஒரு பங்கை அந்தத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சரிந்த அடித்தளம் மிச்ச விசையை இரு பக்கமும் திருப்பிவிடும். உயரமும் சேர்ந்து உதவும், ஏனென்றால் வெடியிலிருந்து தூரம் இரட்டித்தால் தாக்கம் பாதியாக அல்ல, அதைவிடப் பல மடங்கு குறைகிறது.

இவ்வளவும் கீழிருந்து வரும் வெடிக்கு. பக்கவாட்டில் வைத்த கிளைமோர் கண்ணிவெடிக்கு அடித்தளம் எந்த வடிவில் இருந்தாலென்ன? அமெரிக்கக் கிளைமோரில் சுமார் 700 எஃகுக் குண்டுகள், எல்லாம் ஒரே திசையில் பறக்கும். அது எப்படி வேலை செய்யும் என்று வன்னியில் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அங்கே காப்பது பக்கத் தகடும் கண்ணாடியும்தான். ஜே.எல்.டி.வி.யில் அடிப்படைக் கவசத்துக்கு மேலே தேவைக்கேற்பக் கழற்றிப் பூட்டும் மேலதிகக் கவசம் உண்டு. எந்தக் கவசத்தோடு நிற்கும் வண்டி என்று சொல்லாமல் 'இதைத் தாங்கும், அதைத் தாங்கும்' என்று எழுதுவது வெறும் பேச்சு. உக்ரைன் போருக்குப் பிறகு மேலிருந்து விழும் ட்ரோனும் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்த வகை வண்டிகளுக்குக் கூரை பலமான பக்கம் அல்ல.

பட்டி போடாமல் இருப்பது, வெடிப்பெட்டியையும் ஜக்கையும் கட்டாமல் உள்ளே போட்டு வைப்பது, இவை படையினர் விடும் பிழைகள். வண்டி தாங்கிவிடும், உள்ளே பறக்கிற சாமான் ஆளைக் கொன்றுவிடும்.

எடையை ஒப்பிடும்போது வெறும் வண்டியின் எடையையும் முழுச்சுமையோடு உள்ள எடையையும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் ஹம்வீயின் இரண்டரைத் தொன், மறுபக்கம் சுமை ஏற்றிய ஜே.எல்.டி.வி.யின் பத்துத் தொன் என்று போட்டுப் படம் காட்டுகிறார்கள். கவசம் போட்ட ஹம்வீயோடு வெறும் ஜே.எல்.டி.வி.யை வைத்தால் வித்தியாசம் இரண்டு தொன் அளவுக்குச் சுருங்கிவிடும். அதுவும் சின்ன வித்தியாசம் அல்ல. மாரி காலத்தில் ஒட்டுசுட்டான் உள்வீதிகளிலோ குளக்கட்டிலோ பாரவண்டி ஓட்டியவருக்குத் தெரியும், கிறவல் ஊறிய பிறகு ஒவ்வொரு தொன்னும் தனித்தனியாகக் கணக்குக் கேட்கும். மதகைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். அகலமும் கூடியிருக்கிறது: ஹம்வீ 2.16 மீற்றர், ஜே.எல்.டி.வி. கிட்டத்தட்ட இரண்டரை. ஒழுங்கையில் இரண்டு பக்கமும் பனையோலை வேலி இருந்தால் கண்ணாடி உரசும். ஹம்வீயைத் தூக்கிய பிளக் ஹோக் இதைத் தூக்காது. சினூக் போன்ற பெரிய ஹெலிகொப்டர் வேண்டும்.

புதியது என்றால் குறையில்லாதது என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல. பென்டகனின் சொந்தச் சோதனைப் பிரிவே பராமரிப்புச் சிக்கலையும், உள்ளிருந்து வெளியே சரியாகத் தெரியாததையும் அறிக்கையில் எழுதியது. தடித்த கண்ணாடியும் அகலத் தூண்களும் உள்ள வண்டிக்குள் அமர்ந்தவருக்குக் கிட்ட நிற்கும் ஆள் மறைந்துபோவான்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை 'பதிலாக' என்பதை ஒன்றுக்கு ஒன்று என்று படிப்பது. அமெரிக்கத் தரைப்படை முதலில் திட்டமிட்டது சுமார் 49,000 ஜே.எல்.டி.வி.கள், அதனிடம் இருந்த ஹம்வீகளோ ஒரு இலட்சத்துக்கு மேல். மிச்சம் ஹம்வீயாகவே ஓடும் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே கணக்கு. 2023 இல் அடுத்த கட்ட ஜே.எல்.டி.வி. ஒப்பந்தம் ஓஷ்கோஷை விட்டு, ஹம்வீ செய்யும் அதே ஏ.எம். ஜெனரலுக்குப் போனது. 2025 மே மாதத்திலோ, ஹம்வீ, ஜே.எல்.டி.வி. இரண்டையுமே புதிதாக வாங்குவதை நிறுத்துவதாகத் தரைப்படை அறிவித்துவிட்டது. 'பழையது போய்ப் புதியது வந்தது' என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் காணொளிகள் எந்த ஆண்டில் வந்தவை என்று முதலில் பாருங்கள்.

கவசம்தான் இனி எல்லாம் என்று எழுதுகிறவர்கள், தரைப்படை இப்போது காலாட்படைக்கு வாங்கும் ஐ.எஸ்.வி. என்ற இலகு வண்டிக்கும் இரண்டு வரி ஒதுக்க வேண்டும். 2020 இல் ஜெனரல் மோட்டர்ஸின் பாதுகாப்புப் பிரிவுக்குக் கிடைத்த ஒப்பந்தம் அது. செவ்ரோலே கொலராடோ பிக்கப்பை அடியாக வைத்துச் செய்த வண்டி. ஒன்பது பேர் ஏறலாம், எடை இரண்டேகால் தொன் அளவு, பிளக் ஹோக் தூக்கும். கவசம் கிடையாது. கதவும் கிடையாது.