ஃபேன்ஸ் ரியாக்ஷனை நம்பி டிக்கெட் போடுறது எப்படி (தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கிற நம்மாளுங்களுக்கு)

முதல்ல என் மானம் போன கதைய சொல்லிடறேன், அப்பதான் இதை ஏன் எழுதறேன்னு புரியும். முன்னாடி ஒரு காமெடி சூப்பர்ஹீரோ படம் வந்தப்போ "செம ஃபன், ஃபேமிலியோட போங்க"ன்னு எவனோ போட்ட ஒத்த வரிய நம்பி, சாட்ஸ்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அவங்க பேரன்க ரெண்டு பேரு, என் வீட்டுக்காரி எல்லாரையும் கார்ல அள்ளிப் போட்டுக்கிட்டு உம்லாங்கா கேட்வே மால் வரைக்கும் போனேன். பசங்களுக்கு 16, 17 வயசு, அதனால வாசல்ல யாரும் நிறுத்தல. படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல ஹீரோ வாய்ல வந்ததை இங்க டைப் பண்ண முடியாது. ஆன்ட்டி ஹேண்ட்பேக்குக்குள்ள கைய விட்டு எதையோ தேட ஆரம்பிச்சவங்க இன்டர்வெல்லும் இல்லாத ஊருல ரெண்டு மணி நேரம் தேடிக்கிட்டே இருந்தாங்க. சின்னப் பேரன் வேற ஒவ்வொரு ஜோக்குக்கும் சத்தமா அர்த்தம் சொல்றான். திரும்பி வர்ற வழில கார்ல ஒரு சத்தம் இல்ல, இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்னு.

அந்த ஒத்த வரி பொய்னு சொல்ல மாட்டேன். எழுதினவனுக்கு "ஃபேமிலி"ன்னா ரூம்மேட்ஸா இருந்திருக்கும். தப்பு என் மேல, யாரு எழுதினான்னு பாக்காம என்ன எழுதினான்னு மட்டும் பாத்தேன்.

இப்ப மறுபடியும் ஒரு புது சிரிப்பு ஹீரோ படம் வந்து போன் பூரா அதே பேச்சு. படத்து பேர வேணும்னேதான் போடல, அடுத்த வருஷம் இன்னொண்ணு வரும், அப்பவும் இதேதான் நடக்கும், அப்பவும் இதை எடுத்து படிச்சுக்கலாம்.

முதல் வேலை கடிகாரத்த பாருங்க. ரியாக்ஷன் எந்த ஊர்ல இருந்து எப்ப வருதுன்னு தெரிஞ்சாலே பாதி தெளிவாயிடும். ஜூலை மாசக் கணக்குல நியூசிலாந்து நம்மள விட 10 மணி நேரம் முன்னாடி ஓடுது, அங்க காலைல 10 மணி ஷோ தொடங்கும்போது இங்க நடு ராத்திரி 12. சென்னை 3:30 மணி நேரம் முன்னாடி, அங்க 9 மணி ஷோ முடிஞ்சு ஆளுங்க வெளிய வந்து டீ கிளாஸோட டைப் பண்ணும்போது இங்க காலைல எட்டரை, நம்ம அப்பதான் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வர்றோம். நியூயார்க் 6 மணி நேரம் பின்னாடி. அதனால நம்ம படம் பாக்கிறதுக்கு முன்னாடியே கிளைமேக்ஸ்ல யாரு வந்தா, கடைசி டைட்டில் ஓடும்போது என்ன காட்டினான் எல்லாம் போனுக்கு வந்துடும். படம் வர்ற வாரம் புதன்கிழமை ராத்திரியே ஹீரோ பேரு, வில்லன் பேரு, நடிகர் பேரு மூணையும் எக்ஸ் மாதிரி ஆப்ல மியூட் வேர்ட்ஸ்ல (அந்த வார்த்தை வர்ற போஸ்ட்ட மறைக்கிற செட்டிங்) போட்டுடுங்க. வாட்ஸ்அப்ல அப்படி மியூட் பண்ண வழி இல்ல, அதுக்கு ஃபேமிலி குரூப்ல இருக்கிற அந்த ஒரு சித்தப்பாவ (எல்லா குரூப்லயும் ஒருத்தர் இருப்பாரு) தனியா கூப்பிட்டு கால்ல விழுறதுதான் ஒரே வழி.

ரிலீஸுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி வர்ற ரியாக்ஷன் வேற ஜாதி. அது கம்பெனிக்காரங்க கூப்பிட்டு பிரீமியர்ல உக்கார வெச்சவங்க எழுதுறது. முழு விமர்சனத்துக்கு தடை போட்டுட்டு ரெண்டு வரி மட்டும் போட்டுக்கலாம்னு விடுவாங்க, அதுல "வாழ்க்கைல இவ்ளோ சிரிச்சதே இல்ல" மாதிரி சத்தம்தான் ஜாஸ்தி வரும். கல்யாண வீட்டுல பந்தில உக்காந்துக்கிட்டு சாம்பார்ல உப்பு இல்லன்னு எவன் சொல்வான். அதை படிச்சு சந்தோஷப்படுங்க, டிக்கெட் மட்டும் போட்டுடாதீங்க.

அடுத்தது நம்ம ஆளுங்க ரொம்ப ஏமாறுற இடம், கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஊர்ல இருந்து மச்சான் "படம் வெறித்தனம், தியேட்டர்ல விசில் பறந்துச்சு"ன்னு அனுப்புவான். அவன் பாத்தது தமிழ் டப்பிங். இங்க டர்பன்ல ஓடுறது இங்கிலீஷ். காமெடி படத்துக்கு இது ரெண்டும் ஒரே படமே கிடையாது, ஏன்னா டப்பிங்ல ஜோக்க மாத்தி நம்ம ஊரு வாயாடித்தனத்த உள்ள சொருகிடுவாங்க, அவன் விசிலடிச்சது அந்த வசனம் எழுதின ஆளுக்கு. தலைகீழாவும் நடக்கும். 2019-ல அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் தமிழ்ல வந்தப்போ அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல், வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், அந்தக் குரல் ஒட்டவே இல்லன்னு ஃபேன்ஸ் போட்டு வறுத்து எடுத்தாங்க. அதே குரல் 2023 ஜூலைல மாவீரன்ல ஹீரோ காதுக்கு மட்டும் கேக்கிற அசரீரியா வந்தப்போ கை தட்டினாங்க. குரல் அதேதான், வந்த இடம் வேற.

ஜோக்கு ஊர் மாறினா என்ன ஆகும்னு எனக்கு இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே தெரியும். ரொட்டிய பாதியா வெட்டி நடுவுல குடைஞ்சு கறிக்குழம்ப ஊத்தி குடுப்பாங்களே, அதை சாப்பிட்டுட்டு திருநெல்வேலிக்கு போன் போட்டு "அம்மா, இன்னைக்கு மட்டன் பன்னி சாவ் சாப்பிட்டேன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சே இல்ல. அப்புறம் மெதுவா, "ஏல, பன்னியா? அதுவும் செத்ததா?" இதை ஆபீஸ்ல சொன்னேன், ஒருத்தனுக்கும் சிரிப்பு வரல, தமிழ் தெரிஞ்சாத்தான சிரிப்பு வரும். அதனால ரியாக்ஷன் அனுப்பறவன்கிட்ட முதல் கேள்வி "எந்த பாஷைல பாத்த?" அதுக்கப்புறம்தான் மத்தது.

மார்க் விஷயத்துக்கு வருவோம். ராட்டன் டொமேட்டோஸ்ங்கிற விமர்சன சைட்டுல 90 சதவீதம்னா படத்துக்கு நூத்துக்கு 90 மார்க்குன்னு நினைச்சுக்கிட்டு சண்டை போடறவங்க இன்னும் இருக்காங்க. அது எத்தன விமர்சகர் "பரவால்ல, பாக்கலாம்"னு சொன்னாங்கங்கிற கணக்கு மட்டும்தான். எல்லாரும் பத்துக்கு ஆறு குடுத்தா கூட நூறு சதவீதம் வந்துடும். ஆடியன்ஸ் கணக்குல அஞ்சு ஸ்டாருக்கு மூணரையும் அதுக்கு மேலயும் நல்லதுன்னு சேரும். 2019-ல கேப்டன் மார்வெல் ரிலீஸ் ஆகுறதுக்கு முன்னாடியே, படத்த பாக்காமலே திட்டறவங்க வந்து குவிஞ்சாங்க, அந்த சமயத்துலதான் ரிலீஸுக்கு முன்னாடி கமெண்ட் போடறதையே அந்த சைட்டு நிறுத்துச்சு. அதனால முதல் நாள் ஒரு ஸ்டாரையும் அஞ்சு ஸ்டாரையும் கண்ண மூடிக்கிட்டு தள்ளிடுங்க, ஒண்ணு வெறுப்பு இன்னொண்ணு காதல், ரெண்டுக்கும் கண்ணு தெரியாது.

நான் பாக்கிறது சினிமாஸ்கோர். அமெரிக்காவுல முதல் நாள் ராத்திரி தியேட்டருக்கு வந்தவங்ககிட்டயே கேட்டு ஏ பிளஸ்ல இருந்து எஃப் வரைக்கும் குடுக்கிற கிரேடு. முதல் நாள் ஓடுறவன் எல்லாம் ஃபேன்தான், அவனே ஏ குடுக்கலன்னா அங்க என்னமோ ஓட்டைன்னு அர்த்தம். டைக்கா வைட்டிட்டி எடுத்த ரெண்டு தோர் படத்த பாருங்க. 2017-ல வந்த ரக்னராக்குக்கு ஏ. 2022-ல வந்த லவ் அண்ட் தண்டருக்கு பி பிளஸ், ஸ்கூல்ல அது நல்ல மார்க்குதான், ஆனா ரெண்டாவது வாரக் கடைசில அமெரிக்க வசூல் 68 சதவீதம் கிட்ட விழுந்துச்சு. டைரக்டர் அதே ஆளு, ஹீரோ அதே ஆளு. முதல் வாரம் போனவன் வெளிய வந்து என்ன சொன்னாங்கிறது ரெண்டாவது வார வசூல்ல தெரிஞ்சிடும்.

சரி, எதைத்தான் படிக்கிறது? திட்டறத படிங்க, ஆனா காரணத்தோட திட்டறத. ரெண்டரை, மூணு ஸ்டார் குடுத்தவன்தான் தங்கம். லவ் அண்ட் தண்டர்ல ரெண்டு ஆடு படம் பூரா வீல் வீல்னு கத்தும், பாதி பேரு "அந்த ஆட்டுக்காகவே போலாம்"னான், மீதி பேரு "அந்த ஆட்ட பிரியாணி போடுங்கடா"ன்னான். உங்க வீட்டுல ஆறு வயசுப் பையன் இருந்தா ரெண்டாவது ஆளு திட்டினதே உங்களுக்கு ரெகமண்டேஷன், பையன் ஒரு வாரம் ஆடு மாதிரி கத்திக்கிட்டு திரிவான். "எமோஷனே இல்ல, ஒவ்வொரு சீரியஸ் சீன்லயும் ஜோக்கு போட்டு கெடுத்துட்டான்"னு பத்து பேரு தனித்தனியா சொன்னா அது நிஜம், அது உங்களுக்கு ஒத்துக்குமான்னு நீங்களே கேட்டுக்கோங்க, எனக்கு ஒத்துக்கும், நான் அழ தியேட்டருக்கு போறதில்ல. "முன்னாடி வந்த ஏழெட்டு படம் பாக்காதவனுக்கு ஒண்ணும் புரியாது"ன்னு வந்தா ஆன்ட்டிய வீட்டுல விட்டுடுங்க. அப்புறம் "தியேட்டர் அதிர்ந்துச்சு"ங்கிறது படத்த பத்தினது இல்ல, பக்கத்து சீட்ட பத்தினது. எங்க ஏரியா பெரியவர் ஒருத்தர் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஷா ஜஹான், அவலான்னு தியேட்டர் இருந்த காலத்த பத்தி சொல்லுவாரு, கூட்டம் சேர்ந்து சிரிச்சா மொக்க ஜோக்குக்கும் சிரிப்பு வந்துடுமாம். செவ்வாய்க்கிழமை மத்தியான ஷோல நீங்களும் இன்னும் நாலு பேரும் உக்காந்தா அந்த அதிர்வு கிடைக்காது. கூட்டத்து சிரிப்பு வேணும்னா வெள்ளி ராத்திரியோ சனிக்கிழமையோ போங்க.

குடும்பத்தோட போறவங்க எந்த ஃபேன் சொன்னதையும் விட்டுட்டு முதல்ல இங்க ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டு போடற ரேட்டிங்க பாருங்க, டிக்கெட் புக் பண்ற இடத்துலயே இருக்கும். 13, 16, 18ன்னா அந்த வயசுக்கு கீழ உள்ள விட மாட்டாங்க. நம்பர் பக்கத்துல இருக்கிற எழுத்துதான் முக்கியம், எல்னா கெட்ட வார்த்தை, வி இருந்தா வெட்டுக்குத்து, எஸ் இருந்தா ஆன்ட்டி ஹேண்ட்பேக்குக்குள்ள தேடுற சமாச்சாரம். நான் அன்னைக்கு நம்பரை மட்டும் பாத்தேன், எழுத்த பாக்கல. முகமூடி, கலர் டிரஸ், காமெடின்னு போஸ்டர்ல பாத்துட்டு குழந்தைங்க படம்னு நினைக்காதீங்க, 2016-ல வந்த முதல் டெட்பூல் அமெரிக்காவுலயே பெரியவங்களுக்கான ஆர் ரேட்டிங்தான்.

நீங்க பாத்துட்டு வந்து ரியாக்ஷன் போடும்போது தயவுசெஞ்சு "மாஸ்", "வேற லெவல்" ரெண்டையும் விட்டுட்டு யாரோட போனீங்க, எந்த ஷோ, எங்க சிரிச்சீங்க, எப்ப போன எடுத்து டைம் பாத்தீங்க, இதை மட்டும் போடுங்க. டைட்டில் ஓடி முடியிற வரைக்கும் உக்காரணுமா, எத்தன சீன் வருதுன்னு சொல்லுங்க, சீன்ல என்ன வருதுன்னு சொல்லாதீங்க. இங்க பிறந்து வளர்ந்த பசங்க நிறைய பேருக்கு தமிழ் படிக்க வராது, அவங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஆனா அஞ்சு நிமிஷம் பேசாதீங்க, டேட்டா சும்மா வர்றதில்ல.

ஆன்ட்டிதான் இப்ப எனக்கு குரு. இந்த தடவ எனக்கு முன்னாடியே பேரன்களோட முதல் நாள் போயிட்டு வந்துட்டாங்க, கேக்காமலே 11 செகண்ட்ல ஒரு வாய்ஸ் நோட்டு. அவங்க இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசினத அப்படியே எழுதினா இவ்ளோதான்: "சத்தம் ஜாஸ்தி தம்பி. அந்த குண்டன் நல்லா சிரிக்க வெச்சான். கெட்ட வார்த்தை மூணு, எண்ணினேன். ஜெர்ஸி எடுத்துட்டு போ, ஏசி குளிரு."

சனிக்கிழமை ராத்திரி ஷோவுக்கு நாலு டிக்கெட் போட்டுட்டேன்.