சிஎஸ்ஐ, லுத்தரன் வீட்டிலிருந்து ஆர்சிக்குப் போகிறவர்களுக்கு

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளான லுத்தரனிலோ, சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலோ பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது ஆர்சி என்று நாம் சொல்கிற ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையிலும் செல்லும். பொறையாரில் எங்கள் லுத்தரன் ஐயர் (சபைப் போதகர்) கொடுத்த அந்த ஞானஸ்நானத்தோடுதான் நான் இன்று தஞ்சாவூரில் பூசைக்குப் போகிறேன். கொள்ளிடத்தில் முழுக்கு எடுத்த பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கும் இதே விதிதான், மூன்று பெயரும் சொல்லியிருக்க வேண்டும். 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிற சபைகளில் வாங்கியது செல்லாது. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது. இந்த இரண்டு வகையினரும் புதிதாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்கு ஆர்சியில் உள்ள பெயர்) பெற வேண்டும், அவர்களுக்கு வழி கொஞ்சம் நீளம். இங்கே நான் எழுதுவது மற்றவர்களுக்கு.

சரி, எங்கே போவது? வேளாங்கண்ணி, பூண்டி மாதா கோவில்களுக்குப் போய் விசாரிக்கலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. வேண்டாம். நீங்கள் குடியிருக்கிற இடம் எந்தப் பங்கைச் (ஒரு கோவிலின் கீழ் வரும் வட்டாரத்தை) சேர்ந்ததோ, அந்தப் பங்குச் சாமியாரிடம், அதாவது அங்குள்ள குருவிடம் போங்கள். நம் பக்கத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று மறைமாவட்டங்கள் (ஒவ்வொன்றும் ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) ஒன்றை ஒன்று ஒட்டியிருக்கின்றன. எது உங்கள் பங்கு என்று தெரு ஆர்சிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் பிடிக்காதீர்கள். வாரநாளில் சாயங்காலப் பூசைக்கு முன்னால் போனால் உட்கார வைத்துப் பேசுவார்.

போகும்போது ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பழைய சபையின் ஆபீசில் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பின்னால் எப்படியும் தெரியத்தான் போகிறது. பதிவேடு கரையான் தின்றுவிட்டது என்றாலும் பரவாயில்லை. ஞானஸ்நானத்தின்போது கூட இருந்த நம்பகமான ஒருவர் சாட்சி சொன்னால் போதும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அத்தையோ பெரியப்பாவோ உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால்தான், 'நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறாமல் இருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

முதல் சந்திப்பிலேயே உங்கள் கல்யாண விஷயத்தைப் பேசிவிடுங்கள். பலபேர் மாதா, புனிதர் என்று மணிக்கணக்கில் பேசிவிட்டு இதைக் கடைசியில் சொல்கிறார்கள், அங்கேதான் வண்டி நிற்கிறது. கணவன் மனைவி இருவரும் ஞானஸ்நானம் பெற்ற சீர்திருத்தச் சபையினர், இருவருக்கும் அது முதல் கல்யாணம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அந்தத் திருமணம் அப்படியே நிற்கும். என் வீட்டுக்காரர் இன்றும் லுத்தரன்தான். ஞாயிறு காலையில் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவோம். என்னை இறக்கிவிட்டு அவர் தன் ஆராதனைக்குப் போவார். ஆனால் துணைவர் பிறப்பால் ஆர்சியாக இருந்து, மேற்றிராணியாரின் (ஆயரின்) அனுமதி இல்லாமல் சிஎஸ்ஐ கோவிலில் தாலி கட்டியிருந்தால் அந்தத் திருமணத்தை முறைப்படுத்த வேண்டும். அது பெரிய வேலை இல்லை. இருவரில் யாருக்காவது முன்பு ஒரு கல்யாணம் நடந்து விவாகரத்து ஆகியிருந்தால் மறைமாவட்ட நீதிமன்றம் வரை போகவேண்டி வரும். அரசாங்கக் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு மட்டும் அங்கே போதாது. அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம்.

அப்புறம் படிப்பு. எத்தனை வாரம், எத்தனை மாதம் என்பது சாமியாரைப் பொறுத்தது. ஏற்கெனவே கிறிஸ்தவராக வளர்ந்தவர்மேல் தேவைக்கு மிஞ்சிய சுமை வைக்கக் கூடாது என்பது சடங்கு நூலிலேயே உள்ள கொள்கை. ஞாயிறு பள்ளியும் வேத வசனமும் அறிந்த உங்களை அரிச்சுவடியிலிருந்து உட்கார வைத்தால் பணிவாக இதை எடுத்துச் சொல்லலாம். லுத்தரன்களுக்கு ஒரு சௌகரியம், பத்துக் கட்டளையின் எண்வரிசை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிஎஸ்ஐக்காரர்கள் மாற்றிப் படிக்க வேண்டும். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் பற்றி உறுத்தல் இருந்தால், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ரோமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைத் தேடிப் படியுங்கள். கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் லுத்தரன்களை வெளுத்து வாங்கிய நூல்கள் இருக்கின்றன. தமிழ் அருமை, ஆனால் உங்கள் அம்மா இருக்கிற வீட்டில் சத்தமாக வாசிக்காதீர்கள்.

வேதாகமத்தில் 66 புத்தகம் படித்தவர்களுக்குத் திருவிவிலியத்தில் 73 இருக்கும். தோபித்தில் தொடங்குங்கள், கதை போல ஓடும். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது ஏன் என்பதற்கு 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம். பரமண்டல ஜெபத்தின் வாசகம் வேறு, பூசையில் நாக்கு பழைய பாட்டையிலேயே ஓடும். மாலையில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

மாதா விஷயம் வெளியிலிருந்து பார்க்கும் அளவுக்குப் பயமுறுத்துவது இல்லை. அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் முன்பாதி லூக்கா முதல் அதிகாரம். டெல்டாவில் எத்தனையோ லுத்தரன் வீட்டு அலமாரியில் வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில் இருக்கிறது, யார் வாங்கி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எது கட்டாயம், எது விருப்பம் என்பது. மரியா அமல உற்பவி (ஜென்மப் பாவம் இல்லாமல் உற்பவித்தவர்), விண்ணேற்பு அடைந்தவர் (உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்) என்பவை விசுவாசக் கோட்பாடுகள், ஏற்றுத்தான் ஆக வேண்டும். செபமாலை, கொடியேற்றம், சப்பரம், மொட்டை, நடைப்பயணம் எல்லாம் பக்தி முயற்சிகள். பிடித்தால் செய்யலாம். எனக்குச் செபமாலை பிடித்தது, சப்பரம் இன்னும் பிடிபடவில்லை.

கஷ்டமான இடம் பாவசங்கீர்த்தனம்தான், அதாவது குருவிடம் பாவங்களை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஏற்றுக்கொள்ளப்படும் நாளுக்கு முன்னால் செய்துவிட வேண்டும், ஞானஸ்நானம் முதல் இன்றுவரை உள்ள கனமான பாவங்கள் எல்லாவற்றையும். மனதுக்குள் ஆண்டவரிடம் நேரடியாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது எளிதில் வராது. ஒரு தாளில் வயதுவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். பத்து வயதுத் திருட்டை நீட்டாதீர்கள், முப்பது வயது வஞ்சத்தைச் சுருக்காதீர்கள். யார் யார் என்ன செய்தார்கள் என்ற கதை வேண்டாம், நீங்கள் செய்ததும் ஏறக்குறைய எத்தனை முறை என்பதும் போதும். பங்குச் சாமியார் முகம் தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் குருவிடமும் செய்யலாம். உட்கார்ந்ததும், 'நான் சிஎஸ்ஐயிலிருந்து வருகிறேன், இதுவே முதல் தடவை' என்று சொல்லிவிடுங்கள், மீதியை அவரே கேட்டுக் கேட்டு வாங்கிவிடுவார். கேட்டதை வெளியில் சொல்ல அவருக்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை அடுப்பில் போடுங்கள்.

அந்த நாளுக்காக ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு சாதாரண ஞாயிறு போதும். அதுவரை நற்கருணை (பூசையில் கொடுக்கும் திருவிருந்து) வாங்க வரிசையில் நிற்காதீர்கள். பூசையில் விசுவாச அறிக்கை சொல்லி, கத்தோலிக்கத் திருச்சபை கடவுள் வெளிப்படுத்தியதாக நம்பிக் கற்பிப்பவை அனைத்தையும் நம்புகிறேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வீர்கள். பழைய சபையில் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) எடுத்திருந்தாலும் இங்கே உறுதிபூசுதல் உண்டு. உங்களை ஏற்றுக்கொள்கிற குருவே அதைக் கொடுக்கலாம். பக்கத்தில் நிற்க, உறுதிபூசுதல் பெற்று ஒழுங்காகப் பூசைக்கு வருகிற ஒரு கத்தோலிக்கர் வேண்டும். பெயர் மாற்றுவது கட்டாயமில்லை.

வீட்டில் எப்போது சொல்வது? முடிவு உறுதியான பிறகு, நாள் குறிப்பதற்கு முன். என் அம்மா, "சீகன்பால்க் ஐயர் வந்து இறங்குன ஊருக்குப் பக்கத்துல பொறந்துட்டு இப்படிப் பண்றியேடி" என்று அழுதார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய அந்த லுத்தரன் மிஷனரிக்கு நான் துரோகம் செய்ததாகவே அம்மாவுக்குப் பட்டது. வாதாடாதீர்கள். பழைய சபையைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசாதீர்கள், சந்தா பாக்கியைக் கட்டிவிட்டு ஐயரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டில் பாமாலை பாடுவதை விடாதீர்கள். சபைத் தேர்தல் சண்டையோ சாதிப் பாகுபாடோ தாங்காமல்தான் வருகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். இவை இரண்டும் இங்கேயும் உண்டு, அதற்காக வந்தவர்கள் அதற்காகவே போய்விடுவார்கள். கல்லறை பற்றியும் இப்போதே பேசுங்கள். அப்பா பக்கத்தில் படுக்க ஆசை என்றால் அந்தச் சபை இடம் தருமா என்று கேட்டு வைப்பது நல்லது.

எல்லாம் முடிந்ததும் பங்கில் குடும்ப அட்டை போட்டு, உங்கள் தெரு அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) பெயர் கொடுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் யாருக்காவது ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ நிற்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.