ராமநாதபுரம் கரையோரம் கருவிவழிப் பறத்தல்: பயிற்சி விமானி வானிலையை வாசிக்கும் முறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையை ஒட்டி மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் இங்கே பறப்பது எளிது என்று பயிற்சி விமானிகள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இருபுறமும் நீர் சூழ்ந்த மண்டபம், பாம்பன் பகுதியில், ஈரமூட்டம் படர்ந்த நாளில் கடலும் வானும் ஒரே வெளிர்நிறமாகிவிடும். தொடுவானம் தெரியாது; அலையடங்கிய கடற்பரப்பைப் பார்த்து உயரத்தைக் கணிக்கவும் முடியாது. மேகத்துக்குள் நுழையாமலேயே கருவிகளை நம்ப வேண்டிய நிலை வந்துவிடும்.

ஆகவே பார்வைவழிப் பறத்தல், அதாவது வெளியே பார்த்தே விமானத்தை ஓட்டுவது, எங்கே முடிகிறது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம் தேவை. கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் உள்ள விமான நிலையத்தில் மேகக்கூரை, அதாவது வானத்தில் பாதிக்கு மேல் மூடிய மேகத்தின் அடிமட்டம், 1500 அடிக்குக் கீழே இறங்கினாலோ, தரைப் பார்வைத்தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தாலோ, சிறப்பு அனுமதியின்றிப் பார்வைவழியில் ஏறவோ இறங்கவோ கூடாது. அந்த வரம்பைத் தாண்டினால் ஐ.எஃப்.ஆர். எனப்படும் கருவிவழி விதிகள்தாம். அவற்றின்கீழ்ப் பறக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்ற கூடுதல் தகுதி வேண்டும்; அதற்குக் கேட்கப்படும் 40 மணி நேரக் கருவிப் பயிற்சியில் 20 மணி வரை சிமுலேட்டரில் முடிக்கலாம்.

கருவிவழியில் பறக்கும்போது, மலைப்பகுதி அல்லாத இடத்தில், 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 1000 அடி மேலே இருக்க வேண்டும். மலையில்லாத இந்தக் கரையில் தடை எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தை நினைவில் கொள்ளட்டும். அதன் உயரம் 323 மீட்டர், அதாவது சுமார் 1060 அடி. அதன் அருகே 2000 அடியில் பறந்தால்கூட விதி மீறப்படுகிறது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளமும், கிழக்கே மிக அருகிலேயே இலங்கை எல்லையும் உள்ளன; எனவே விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்புகளையும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் சரிபார்க்காமல் இந்தப் பக்கம் திட்டமிடவே வேண்டாம்.

இனி மீட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கைக்கு வருவோம். தேர்வுக்காகக் குறியீடுகளை மனப்பாடம் செய்துவிட்டு, அவற்றைப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்பவர்களே அதிகம். மதுரையின் அறிக்கை இப்படி இருப்பதாகக் கொள்வோம்: நேரம் 0300 யு.டி.சி. (உலகப் பொது நேரம்), காற்று 050 டிகிரியிலிருந்து 12 நாட், பார்வைத்தூரம் 3000 மீட்டர், 1200 அடியில் புரோக்கன் மேகம், வெப்பநிலை 26, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 23, கியூ.என்.ஹெச். (உயரமானியில் வைக்க வேண்டிய கடல்மட்டக் காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில்) 1009. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இது காலை 8.30 மணி நிலவரம். 050 என்பது வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்ட காற்று. வங்கக் கடலின் ஈரத்தை நேராகக் கரைக்குக் கொண்டுவருவது. புரோக்கன் என்றால் வானத்தின் எட்டில் ஐந்து முதல் ஏழு பங்கு மூடியிருக்கிறது, ஆகவே அதுவே மேகக்கூரை. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளி 3 டிகிரி. டிகிரிக்கு 400 அடி என்று பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் 1200 அடி என்று வருகிறது, அறிக்கையோடு ஒத்துப்போகிறது. கூரை, பார்வைத்தூரம் இரண்டுமே பார்வைவழி வரம்புக்குக் கீழே இருக்கின்றன. ஒரே அறிக்கையோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகிறது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் கொண்ட எஞ்சினாக இருந்தால், இவ்வளவு ஈரமான காற்றில் இறங்கும்போது, வெளியே 26 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனி உறையலாம்.

பக்கத்து விமான நிலையங்களில் மதுரை கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, தூத்துக்குடி தெற்கே இருக்கிறது. பாம்பனின் வானம் இரண்டின் அறிக்கையிலும் முழுதாகத் தெரியாது. 2024 நவம்பர் 20 அன்று, புயல் எதுவும் இல்லாமலே, ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய சிறு பரப்பு மழையைப் பிடிக்க காரைக்கால் ரேடார் படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பார்ப்பதே வழி. பாம்பனில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியது. 1ஆம் எண் கூண்டு ஏறியதாகக் கேள்விப்பட்டால் கடலில் தாழ்வு மண்டலம் இருப்பதை அறிந்துகொள்ளலாம், ஆனால் விமானிக்கு அது, ஆபத்தான வானிலை பற்றி விமானங்களுக்குத் தரப்படும் சிக்மெட் எச்சரிக்கைக்கு மாற்றாகாது. 2020 டிசம்பரில் புரெவி, வலுவிழந்த பிறகும், ராமநாதபுரத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. தாழ்வு நெருங்கும்போது உயரமானியின் அழுத்த அமைப்பை மாற்றத் தவறினால், ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சிக்கும் ஏறத்தாழ 27 அடி வீதம், கருவி காட்டுவதைவிடத் தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் பார்வை, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியை மையமாகக் கொண்டு மற்றக் கருவிகளுக்குச் சென்று திரும்ப வேண்டும். எந்த ஒன்றிலும் நிலைத்துவிடக் கூடாது. திருப்பங்களை நொடிக்கு 3 டிகிரியோடு நிறுத்துங்கள். 100 நாட் வேகத்தில் அதற்குச் சுமார் 15 டிகிரி சாய்வு போதும். விமானம் சாய்ந்திருப்பதாக உடல் சொல்லும், கருவி இல்லை என்னும். கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் அவற்றையே நம்ப வேண்டும். நிலவில்லாத இரவில் விசைப்படகுகளின் விளக்குகள் விண்மீன்களோடு கலந்து பொய்யான தொடுவானத்தைக் காட்டுவதும் உண்டு.

இறங்கும் நிலையத்தின் பார்வைத்தூரம் நிர்ணயித்த அளவுக்குக் கீழே இருந்தால், நிலைய மட்டத்திலிருந்து 1000 அடிக்குக் கீழே இறங்குவதைத் தொடரக் கூடாது. இறங்குவதா மேலேறுவதா என்று முடிவெடுக்க நிர்ணயித்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்கோ தெரியாவிட்டால் உடனே மேலேற வேண்டும். இன்னும் ஐம்பது அடி பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. இறங்க முடியாவிட்டால் செல்ல வேண்டிய மாற்று நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வடகிழக்குப் பருவமழையின் பரப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரை, தூத்துக்குடி, திருச்சி மூன்றும் ஒரே மழைத்தொகுதிக்குள் சிக்கும் நாட்கள் உண்டு. அன்று மேற்கே கோயம்புத்தூர் வரை செல்வதற்கும், பிஸ்டன் எஞ்சின் விமானமாயின் அதன் பிறகு 45 நிமிடம் பறப்பதற்கும் போதுமான எரிபொருள் இல்லையென்றால், புறப்பாட்டைத் தள்ளிவையுங்கள்.