மாறுவேட உடை: தையல் மெஷின் இல்லாமல் வீட்டிலேயே செய்வது எப்படி?

கடையில் தொங்கும் மாறுவேட உடைகளில் பெரும்பாலானவை மெல்லிய பாலியஸ்டர். காற்றும் புகாது, வியர்வையையும் உறிஞ்சாது, அளவோ '5 முதல் 7 வயது வரை' என்று பொத்தாம்பொதுவாக இருக்கும், அதாவது சின்னப் பிள்ளைக்குத் தொளதொள, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு அக்குளில் பிடிக்கும். வீட்டில் செய்யத் தையல் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஓட்டத்தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக நேராகக் குத்தி எடுக்கும் சாதாத் தையல், போடத் தெரிந்தால் போதும். கத்தரிக்கோல், ஊசி நூல், துணிப் பசை, ஒரு அட்டைப்பெட்டி, பிள்ளை ஏற்கெனவே போட்டுப் பழகிய பழைய டி-ஷர்ட், அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பார்த்தவுடன் 'ஓ, இது ஆந்தை!' என்று சொல்ல வைப்பது எது? இறகும் பெரிய கண்ணும்தான். அந்த இரண்டுக்கு மட்டும் மெனக்கெடுங்கள், மிச்சத்தை அதே நிறத்தில் வீட்டிலிருக்கும் பேன்ட்டும் சாக்ஸும் பார்த்துக்கொள்ளும். அலகு, வால், நகம் என்று எல்லாவற்றையும் செய்யக் கிளம்புகிறவர்கள்தான் முந்தின நாள் ராத்திரி பாதி வேலையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, ஆந்தையையே எடுத்துக்கொள்வோம். இறகுக்குப் பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று இரண்டு மூன்று நிறத்தில் துணி வேண்டும். ஃபெல்ட் துணி இருந்தால் ரொம்ப வசதி, வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. பழைய பனியன் துணியும் அப்படித்தான். சாதாப் பருத்தித் துணி பிசிறடிக்கும், ஆனால் ஆந்தைக்குப் பிசிறு அழகு. சுமார் 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில், ஒரு முனை வளைவாக ஒரு காகித இறகு வெட்டி, அதை வைத்து மற்றதையெல்லாம் வெட்டுங்கள். டி-ஷர்ட்டுக்குள் ஒரு அட்டையைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கீழ் வரிசையில் ஆரம்பித்து மேலே போக வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் மேல் வரிசை கீழே உள்ள தையலை மறைக்கும். இறகின் மேல் ஓரத்தை மட்டும் தைத்தால் நுனி தானாக ஆடும். கழுத்தைச் சுற்றி மட்டும் தையலை இறுக்காதீர்கள், தலையை நுழைக்கும்போது துணி இழுபடும், நூல் இழுபடாது, பட்டென்று அறுந்துவிடும்.

கண்ணை முகமூடியில் வைக்காமல் ஒரு தொப்பியின் மேல் ஒட்டிவிடுங்கள். முகமூடி நழுவினால் பிள்ளைக்குப் பாதை தெரியாது, எப்படியும் ஐந்து நிமிடத்தில் கழற்றி உங்கள் கையில்தான் கொடுக்கும்.

கவசம், ரோபோ மாதிரி வேடங்களுக்கு அட்டைப்பெட்டிதான் சரி. அட்டையின் ஓரத்தைப் பார்த்தால் உள்ளே வரிவரியாக நெளிவு தெரியும், அந்த வரி ஓடும் திசையோடு மடித்தால் சுலபமாக வளையும், குறுக்கே மடித்தால் கசங்கும். அதனால் மார்புக் கவசத்துக்கு வரிகள் மேலிருந்து கீழாக வருகிற மாதிரி வெட்டுங்கள். மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் விளிம்பு நேராக நிற்கும். பெயின்ட்டில் தண்ணீரை அதிகம் கலந்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும், கெட்டியாக, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை அடியுங்கள். உலோகம் மாதிரி தெரிய வேண்டுமென்றால் முதலில் முழுக்கக் கறுப்பு, அது காய்ந்த பிறகு ஸ்பாஞ்சில் வெள்ளி பெயின்ட்டைத் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் தட்டுங்கள். பள்ளங்களில் கறுப்பு நிற்கும், பழைய இரும்பு போலவே இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் சிலவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதுகில் தொங்கும் அங்கியைக் கழுத்தில் முடிச்சுப் போடக் கூடாது, தோளில் வெல்க்ரோ வையுங்கள், எங்காவது மாட்டி இழுத்தால் கழன்று வர வேண்டும். உடை கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். பஞ்சு ஒட்டிய உடையோடு தீப்பக்கம் போகவே கூடாது. அட்டைக்கு அடிக்கும் பெயின்ட் முகத்துக்கு ஆகாது, நச்சில்லாதது என்று டப்பாவில் போட்டிருந்தாலும்கூட. முகத்துக்கென்றே வரும் சாயத்தை முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

அன்றைக்கே முழு உடையையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார வேண்டும், கையைத் தூக்க வேண்டும், படி ஏற வேண்டும், முக்கியமாக, கழிப்பறைக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தால் எத்தனை கழற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கிளம்பும்போது பையில் நாலு சேஃப்டி பின், கொஞ்சம் டேப், ஊசி நூல் எடுத்துக்கொள்ளுங்கள், எங்காவது ஒரு இறகு விழத்தான் செய்யும்.