கவாத்துக் கிளையில் ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கி

மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்றைக் கடைந்து முடித்துவிட்டு, அதைப் பார்த்து இன்னொன்றைக் கடைந்தால் ஜோடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அண்ணன் தம்பி மாதிரி வரும், இரட்டையாக வராது. ஜோடி அமைவது கிளையைப் பிளக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். சில்வர் ஓக், பலா என்று கிளைகள் குவியும். அடுப்புக்குப் போகும் முன் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக் கொல்லையில் பழைய கொய்யா இருந்தால் இன்னும் நல்லது. கெட்டியான மரம், உளிக்கு வழவழவென்று வரும். சில்வர் ஓக்கில் ரேகை அழகு, ஆனால் அதன் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அரளிக் கிளையைத் தொடவே வேண்டாம், மரம் முழுக்க விஷம்.

குறுக்களவு 12 செ.மீ.க்குக் குறையாத கிளை வேண்டும். நேராக மேல்நோக்கி வளர்ந்ததாகப் பாருங்கள். கிடையாக நீண்ட கிளை தன் பாரத்தைத் தானே இழுத்துப் பிடித்து வளர்ந்தது. வெட்டுமுகத்தில் நடுமையம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

22 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, நடுமையத்தின் வழியாக ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்துவிடுங்கள். உருண்டையாகவே விட்டால் மையத்திலிருந்து வெடிப்பு ஓடும். பிளந்த இரண்டு பாதிகள்தான் உங்கள் ஜோடி: ஒரே வயது, ஒரே ரேகை. இரண்டிலும் அடிப்பக்கம் எது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். அன்றைக்கே, எரிந்து மீந்த மெழுகுத் துண்டுகளை உருக்கி முனைகளில் பூசிவிட வேண்டும். ஈரம் முதலில் ஓடிப்போவது அந்த வழியாகத்தான்.

அப்புறம் ஈரத்தோடேயே இரண்டையும் லேத்தில், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரத்தில், போட்டு, 5 செ.மீ. தடிமனில் முரட்டு உருளையாக்கி நிழலில் வையுங்கள். வேகம் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் வேண்டாம். பிளந்த துண்டு எடை சரியில்லாமல் உதறும். காய்ந்ததா என்பதைச் சமையலறைத் தராசு சொல்லும். எடை குறைவது நின்றால் சரி. மலையில் காய்ந்தது போதும் என்று நம்பிவிடாதீர்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் காய்ந்த மரம் சேலத்து வெயிலுக்கு இறங்கினால் மறுபடி சுருங்கும். தாங்கி கீழே ஒரு வீட்டுக்குப் போகிறதென்றால், கடைசிச் சில வாரம் துண்டுகளும் கீழேயே இருக்கட்டும்.

நான் சேலத்தில் இரும்பு லேத்தில் டர்னராக இருந்தவன். அங்கே கற்றதில் இங்கே அப்படியே உதவுவது ஒன்று: துளையை முதலில் போடு, பிறகு துளையையே மையமாக வைத்து வெளிப்பக்கத்தைக் கடை. மேல்முனையில் 25 மி.மீ. துளை, 30 மி.மீ. ஆழம். லேத்தில் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் கூம்பு மையத்தைத் துளைக்குள் அழுத்தினால் துளையும் உருவமும் ஒரே வட்டத்தில் நிற்கும்.

நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை மட்டும் பெட்டியில் போட்டுவிடுங்கள். தடிமனில் அரை மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிடிக்காது. ஆனால் ஒரு வளையம் 2 மி.மீ. மேலே ஏறிவிட்டால் வாசலில் நிற்பவருக்கே தெரியும். அதனால் ஒரு மெல்லிய பிளைவுட் பட்டையில் வளையம், பள்ளம் வரும் இடங்களைக் காடி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காடிக்கும் பக்கத்தில் தடிமனை எழுதுங்கள். சுற்றும் மரத்தின் மேல் பட்டையைக் காட்டி, காடியில் பென்சிலை வைத்தால் கோடு விழும். அந்த இடங்களில், எழுதிய தடிமனுக்கு விரித்து வைத்த சாதாரணக் கவைக் காலிப்பர் நுழையும்வரை, குறுகிய பார்ட்டிங் உளியால் இறக்குங்கள். இதை இரண்டு துண்டிலும் முடித்த பிறகே உருவத்துக்குப் போகலாம். முதல் துண்டில் வளையம், உடனே இரண்டாவதில் அதே வளையம். கை சூட்டோடு இருக்கும்போதே செய்வது நல்லது. துண்டைக் கழற்றும் முன், மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் முள் பதிந்த இடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள், திரும்ப அதே குழியில் உட்காரும்.

உருவத்தை எளிமையாக விடுங்கள். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவில் நீண்ட பள்ளம். பள்ளத்தில் 2 செ.மீ.யாவது மரம் மிஞ்ச வேண்டும். இப்போது 1,500 சுற்று வரை வேகம் கூட்டலாம். அடியில் பலகைத் துளைக்குள் நுழைய 20 மி.மீ. கழுந்து விட்டு, 10 செ.மீ. வட்டப் பலகையில் ஃபெவிகால் போட்டு இறக்குங்கள். பலகையின் அடிப்புறம் லேசாகக் குழிந்திருந்தால் ஆடாது.

பலகையில் இறக்கும் முன்பே, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு, சுற்றும் துண்டுக்கு உப்புத்தாள் போடுங்கள், 120இல் தொடங்கி 320 வரை. துளைக்குள் விளிம்பு வைத்த பித்தளைக் கிண்ணம் கட்டாயம். லேத் பட்டறையில் குழாய்த் துண்டு கொடுத்தால் கடைந்து தருவார்கள். வெறும் மரத்துளையில் மெழுகுவர்த்தி கடைசிவரை எரிந்தால் மரமும் சேர்ந்து பற்றும்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக இரண்டு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, அப்புறம் தூக்கிப் போடுங்கள்.