திங்கட்கிழமை ஆராதனையில் நடக்கும் தவறுகள்

"இன்றைக்கு ஆராதனை எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு, கீபோர்டு, ஸ்பீக்கர் சத்தம் இவற்றைப் பற்றித்தான் பதில் வரும். பைபிளில் ரோமர் 12:1-ல் பவுல் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் 'புத்தியுள்ள ஆராதனை' என்கிறார். சரீரம் என்றால் பாத்திரம் தேய்க்கிற கையும் பஸ்ஸில் நிற்கிற காலும் சேர்ந்ததுதானே. ஆகவே ஞாயிறு முடிந்தாலும் ஆராதனை முடிவதில்லை, திங்கட்கிழமை வேலையிலும் தொடர்கிறது.

சரி, அப்படியானால் "என் வேலையே ஆராதனை, சபைக்கு எதற்கு?" என்று சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். 6-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற மடத்துத் தலைவர் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதிகளில் வேலை, ஜெபம் இரண்டுமே உண்டு. மடத்துச் சாமான்களைப் பீடத்துப் பாத்திரங்களைப் போலப் பார்க்கச் சொல்கிறார். ஜெப நேரத்துக்கு அழைப்பு கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வரவும் சொல்கிறார்.

அப்புறம் குடும்ப ஜெபம். "ஆண்டவரே, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் இந்தப் பிள்ளைக்குப் புத்தியைக் கொடும்" என்று நானும் ஜெபித்திருக்கிறேன். அது ஆண்டவரிடம் சொல்வதுபோலத் தன்மேல் விழுகிற திட்டு என்று கண்ணை மூடியிருக்கும் பையனுக்குத் தெரியாதா? அவன் ஆமென் சொல்கிற வேகத்திலேயே தெரியும். திட்டுவதென்றால் சாப்பிடும்போது நேராகத் திட்டிவிடலாம்.

இவற்றைவிடப் பெரிய தவறு, வசனத்தை அடுத்தவர் தலையில் வைப்பது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யச் சொல்லும் கொலோசெயர் 3:23 முதலாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லாவுக்கு மேலே ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். மூன்று வசனம் தள்ளி 4:1 இருக்கிறது: எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார். அதை மாட்டிய கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை ரூபாய் பிசகாமல் எண்ணிக் கவரில் வைக்கிறோம். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா காய்ச்சலில் படுத்த நாலு நாளைக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியில் எட்டுகிறது என்கிறது யாக்கோபு 5:4. நாம் பாடிக்கொண்டிருக்கும்போதும்தான்.

சனிக்கிழமை இரவு கவரை எடுக்கும்போது அந்த அக்காவின் கணக்கையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். பாக்கி இருந்தால் அதை முதலில் எடுத்து வையுங்கள். காணிக்கையை அடுத்த வாரம்கூடப் போடலாம்.